ஏழு முடி அரண்மனை

நான் பதினைந்து வருடம் அரண்மனையில் வேலை பார்த்தவன். இப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் என் சட்டையைப் பார்ப்பார், பிறகு கட்டாரா சவூதியா என்று கேட்பார். மட்டக்களப்புத் தன்னாமுனை என்பேன். பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, வாவிப் பக்கமாக ஒரு தகரக் கொட்டில். அதற்குள் அரண்மனை துண்டு துண்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இரும்புச் சட்டம், பலகை, ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைக்கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே பொன் நிற ஸ்ப்ரே. கலியாண மேடைக்கு வாடகைக்கு விடப்படும். லொறிக் கூலி வேறு.

மட்டக்களப்பைக் கடைசியாக ஆண்ட அரசர் யார் என்று படித்தவர்கள் இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். போன சனிக்கிழமை ஆண்டவர்தான் கடைசி அரசர். காலையில் முடிசூடினார், சாப்பாடு முடியும் வரை ஆண்டார். குடிமக்கள் வரிசையில் வந்து கடித உறையைக் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்கள். திங்கட்கிழமை அரசர் மோட்டார் சைக்கிளில் கந்தோர் வேலைக்குப் போய்விட்டார். அரசர் வருவார், போவார். அரண்மனையைக் கழற்றி லொறியில் ஏற்றியவன் நான்.

இப்போது அந்த அரண்மனை இல்லை. எல்.ஈ.டி. திரை வந்துவிட்டது. பொத்தானை அமத்தினால் ராஜஸ்தான் அரண்மனை, இன்னொரு முறை அமத்தினால் வெள்ளைக்காரன் அரண்மனை. இதற்காக நான் கண்ணீர் விடுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் என் இடுப்பைக் கேட்டுப் பார்க்கட்டும். ஐம்பத்து மூன்று வயதில் முதலில் ஓய்வு பெற்றது இடுப்புத்தான், நான் அதன் பின்னால் போனவன். ஆனால் அண்மையில் ஒரு பிறந்தநாள் வீட்டில், திரை பூட்ட வந்த எங்கள் பழைய பொடியன்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். "அண்ணன், அந்தப் படுவான்கரைக் கலியாணத்தில நீங்க அரண்மனைக்கு மேல ஏறி இருந்ததாமே, உண்மையா?" என்றார்கள். அவர்கள் கேள்விப்பட்ட கதையில் நான் வீரனாக இருந்தேன். அதைத் திருத்தாமல் விடுவது பாவம்.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சண்டை ஓய்ந்து ஊரெல்லாம் கலியாணம் பெருகிய காலத்தில், மேடைக்குத் துணி கட்டும் வேலையிலிருந்து அரண்மனைக்கு மாறினேன். முதல் உத்தியோகம் வாயில் காப்போன். தலைப்பாகை கட்டி, மீசை ஒட்டி, ஈட்டியோடு நிற்க வேண்டும். அசையக் கூடாது. சின்னப் பிள்ளைகள் வந்து கிள்ளிப் பார்ப்பார்கள். ஒரு வருடம் ஈட்டி, பிறகு சிம்மாசனத்துக்குப் பொறுப்பு, பிறகு தூண்கள், கடைசியில் முழு அரண்மனைக்கும் பொறுப்பு. ஆனாலும் தலைப்பாகை என்னை விட்டுப் போகவில்லை. ஆள் குறைந்த நாளில் பொறுப்பாளனும் காவல் நிற்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம்.

முதலாளி தவராசா அண்ணன் மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் "டேய் குணம், மடையா, அந்தத் தூண நிமித்தடா" என்றால் எல்லாம் சுகம், இன்றைக்கு மத்தியானம் புரியாணி வாங்கித் தருவார். "குணம் தம்பி" என்றால் கவனமாக இருக்க வேண்டும். "ஐயா, நீங்க கொஞ்சம் இஞ்சால வாறீங்களா" என்று ஆரம்பித்தாரோ, அன்றைக்கு யாராவது ஒருவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போவது உறுதி. மரியாதை கூடக் கூட நாங்கள் செருப்பைத் தேடுவோம்.

அவருடைய ஒழுங்குகள் கடுமையானவை. நிலம் மட்டம் பார்க்காமல் ஒரு சட்டமும் நிமிரக் கூடாது. ஒவ்வொரு தூணுக்கும் உள்ளே மண் மூட்டை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரட்டை மூட்டை. ஒருமுறை மூட்டையைக் குறைத்ததில் இடது பக்கக் கோபுரம் காற்றில் எழும்பிப் பக்கத்து வட்டைக்குள் போய் வயல் நடுவில் நேராக இறங்கியது. வயல்காரர் திருப்பித் தரவில்லை, காவலுக்கு நல்லது என்று வைத்துக்கொண்டார். சிம்மாசனத்தில் வேலையாள் யாரும் இருந்து பார்க்கக் கூடாது. விருந்தாளி யாரும் அரண்மனையின் பின்பக்கம் போகக் கூடாது. பின்பக்கம் போனால் மூட்டையும் கயிறும் ஒரு பழைய தேர்தல் பதாகையும்தான் தெரியும். அதைப் பார்த்த பிறகு எந்த அரசனும் நிமிர்ந்து இருக்க மாட்டான் என்பார்.

எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கலசம். எங்கள் அரண்மனைக்கு ஏழு குவிமாடம். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பொன் கலசத்தைப் பின்பக்கத்தால் ஏறி முறுக்கிப் பூட்ட வேண்டும். அந்தக் கலசம் வார்த்த அச்சிலேயே அண்ணன் எங்கள் தலைப்பாகைக்கும் ஒவ்வொரு உச்சி வார்த்து ஒட்டியிருந்தார். இன்னொரு அச்சுச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே வாயில் காப்போன் தலையிலும் அரண்மனைக் கலசம்தான் மின்னும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, முதல் பிறந்தநாள், விளையாட்டுக் கழகத்துப் பரிசளிப்பு என்று எல்லாவற்றுக்கும் அரண்மனை போனது. ஒருவர் தகப்பனின் செத்த வீட்டுக்கே கேட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சிறகு முளைத்த பிள்ளை பொம்மைகளை மட்டும் கழற்றிவிட்டு அனுப்பினார்.

இனிப் படுவான்கரைக் கதை. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற கரையில் ஒரு ஊர். பெயர் சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்னும் சாப்பாட்டு அழைப்பு வருகிறது. அன்றைக்கு அண்ணன் ஏறாவூர்ப் பக்கம் வேறொரு வேலையில் நின்றார். முதல் தடவையாக அரண்மனையை முழுதாக என் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். அரண்மனை பாதையில் வாவியைக் கடந்தது. பாதை என்றால் எங்கள் பக்கம் வாகனம் ஏற்றும் மிதவை. லொறியின் மேல் ஏழு குவிமாடமும் வெயிலில் மின்ன, வாவி நடுவே ஒரு அரண்மனை மிதந்து போனதைத் தோணிக்காரர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் கர்வப்பட்ட கால் மணித்தியாலம் அது. அதற்குப் பிறகு நடந்ததில் கர்வப்பட ஒன்றும் இல்லை.

கலியாணம் பொம்பிளை வீட்டு வளவில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், மாப்பிள்ளை வந்து அதில் குடியிருப்பார். வீட்டுக்காரி பொம்பிளையின் தாய், பரமேஸ்வரி அக்கா. குரலிலேயே வேலி கட்டக் கூடியவர். அரண்மனை நிமிர்ந்ததும் வீடு முழுக்க மறைந்து போனது. அக்கா தெருவில் நின்று பார்த்துவிட்டு, "இப்பதான் வீடு வீடு மாதிரி இரிக்கி" என்றார்.

மாப்பிள்ளையின் வாகனம் வந்தது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், அவர்களுடைய ஊர்க் கோயிலில் வண்ணக்கர், அதாவது கோயிலை நடத்துகிறவர். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, மடித்த குடை. கேற்றடியில் நின்றார். குடையை நீட்டி மேலே எதையோ சுட்டிக் கொண்டு உதட்டை அசைத்தார். பிறகு திரும்பிப் போய் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் சில ஊர்களில் கலியாணத்தன்று வீட்டு முகட்டில் அலங்கரித்த குடங்கள் வைப்பார்கள். அதற்கு முடி என்று பெயர். எந்தக் குடிவழிக்கு எத்தனை முடி வைக்க உரித்து என்பது அரசர் காலத்திலிருந்து வருவதாகச் சொல்வார்கள். அரசர் போய்விட்டார், அரண்மனை வாடகைக்கு வந்துவிட்டது, முடிக் கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. பரமேஸ்வரி அக்கா வீட்டுக்கு மூன்று உரித்து. மாப்பிள்ளை பக்கத்துக்கு ஐந்து. அரண்மனை வருகிறதே, குடத்தை யார் தேடுவது என்று அக்கா முகட்டை வெறுமையாக விட்டிருந்தார். ஆகவே அந்த வளவில் முடி என்று மின்னியது நான் முறுக்கிப் பூட்டிய ஏழும்தான்.

பொம்பிளை பக்கத்தார் வாகனத்தடிக்கு ஓடினார்கள். கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. உள்ளிருந்து குளிர் காற்றும் மாமாவின் குரலும் வந்தன.

"ஏழு முடி. ஆரு குடுத்த உரித்து?"

"அது முடியில்ல வண்ணக்கர், செற்று," என்றார் அக்கா. "வாடகைக்கு வந்தது."

"வாடகை முடியெண்டாலும் முடிதானே கா. என்ட மருமகன் இண்டையில இருந்து இந்த வீட்டிலதான் இரிக்கப் போறான். அஞ்சி முடி வீட்டுப் பொடியன் ஏழு முடிக்குக் கீழ குனிஞ்சி போறதா? ஊர் என்ன சொல்லும்?"

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"உங்கட உரித்துக்கு வாங்க. மூண்டு. இல்லாட்டி வாகனத்தக் கிறுக்கித் திரும்பிப் போறம்."

கண்ணாடி ஏறியது. மாப்பிள்ளை பின் ஆசனத்தில் தலைப்பாகையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தொட்டி மீன் பார்க்கும் பார்வை. மேடையில் ஐயர் முகூர்த்தம் ஓடுகிறது என்று கையைக் காட்டினார். பிறகு எல்லோருமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஆள் குறைவு. நான் மீசை ஒட்டி, தலைப்பாகை கட்டி, ஈட்டியோடு காவல் நின்றேன்.

வீரன் என்று சொன்னவர்கள் இனிக் கவனமாகக் கேளுங்கள். நான் முதலில் செய்த காரியம் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்க் குந்தியது. இரண்டாவது, மாப்பிள்ளைக்கென்று வைத்திருந்த சோடாவைக் குடித்தது. மூன்றாவது, அண்ணனுக்குப் போன் எடுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். 

"ஐயா," என்றார் அண்ணன். "நீங்க பெரிய மனிசன் ஐயா. நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்ல. கலியாணம் குழம்பினா, மறுகா நீங்க கஷ்டப்பட்டுக் கடைப் பக்கம் வர வேணாம். சரியா ஐயா?"

மூன்று ஐயா. ஒரே போனில் மூன்று ஐயா யாரும் வாங்கியதில்லை.

அந்தப் பதற்றத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கலசங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்தானே. எங்களிடம் புகை இயந்திரம் இருந்தது, அரசனும் அரசியும் மேகத்தில் நடந்து வருவதற்கு. அதை முழு வேகத்தில் விட்டேன். அந்தப் புகை மேலே போகாது, கீழேதான் படுக்கும் என்பது என்னைப் போல் வருடக்கணக்காக அதை இயக்கியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குவிமாடங்கள் ஏழும் முன்னை விடப் பளிச்சென்று நின்றன. காணாமல் போனது ஐயர்தான். புகைக்குள்ளிருந்து இருமலும், மணிச் சத்தமும், "ஆரடா அவன்" என்ற குரலும் வந்தன.

இனி ஒரே வழி, ஏறிக் கழற்றுவது. ஏணியைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் பின்னால் போனேன். அங்கே மூட்டைகளுக்கும் தேர்தல் பதாகைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பொம்பிளை இருந்தாள். பட்டுச் சீலை, தலை நிறையப் பூ. அண்ணனின் சட்டப்படி அங்கே யாரும் வரக் கூடாது. ஆனால் அவளைக் கூட்டிப் போக வேண்டியவர்கள் எல்லோரும் வாகனத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், அவளை மறந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணா, வாகனம் திரும்பிட்டா?" என்றாள்.

"இல்ல தங்கச்சி. முடி குறைக்கிறன்."

"எத்தினைக்கு?"

"மூண்டுக்கு. உங்களுக்கு எத்தினை வேணும்?"

"எனக்கு முடி வேணாம். அந்த மனிசன் இறங்கி வந்தாக் காணும். ரெண்டு வருசமா இந்த ரெண்டு வீட்டையும் பேசிப் பேசி இம்மட்டுக்குக் கொண்டு வந்தது நான். ஒரு கலசத்துக்கு விட்டுக் குடுக்க ஏலா." எழும்பிச் சீலையை இடுப்பில் சொருகினாள். "ஏறுங்க, ஏணி ஆடுது. நான் பிடிக்கிறன்."

முதல் படியில் வைத்த என் கால்தான் ஏணியை ஆட்டியது, அதை நான் சொல்லவில்லை. அரசி ஏணி பிடிக்க, வாயில் காப்போன் அரண்மனைக்குள் பின்பக்கத்தால் ஏறினான்.

ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தேன். அவள் வாங்கி வாங்கிக் கதிரையில் அடுக்கினாள். நாலு போனது, மூன்று மிச்சம். கீழே முன்பக்கத்தில் வாகனக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமா குடையை நீட்டியிருப்பார்.

"நாலு," என்றார்.

 பதற்றத்தில் எண்ணிக்கை பிழைத்துவிட்டதென்று இன்னொன்றைக் கழற்றினேன். நிமிர்ந்தேன்.

"மூண்டு," என்றார் மாமா. "இப்ப சரி."

அப்பாடா என்று கழற்றியதைக் கொடுக்கக் கீழே குனிந்தேன்.

"என்ன இது, ரெண்டாப் போச்சி. எங்களப் பகிடி பண்றீங்களா?"

எழும்பினேன். "மூண்டு," என்றது குரல். குனிந்தேன். "ரெண்டு." அந்த நேரத்தில் என் மூளையில் ஓடியது ஒன்றே ஒன்று, இந்த அரண்மனையில் ஏதோ பேய் இருக்கிறது. கையிலிருந்ததை எடுத்துத் திரும்பப் பூட்டினேன்.

"நாலு. வாகனத்த எடு தம்பி."

இயந்திரம் உறுமியது. நான் அந்த நடுக் குவிமாடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த அம்மன் பேரெல்லாம் சொல்லத் தொடங்கினேன். ஏணியடியிலிருந்து பொம்பிளை என்னையும் குவிமாடங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, பைத்தியத்தோடு பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

"அண்ணா. உங்கட தலைப்பாகையக் கழட்டுங்க."

கழற்றினேன்.

 முன்பக்கத்திலிருந்து மாமாவின் குரல், ஒவ்வொன்றாக, கோயில் உண்டியல் காசு எண்ணும் நிதானத்தோடு. "ஒண்டு. ரெண்டு. மூண்டு." வாகனம் நின்றது. யாரோ ஒருத்தர் சிரித்தார், பிறகு வளவு முழுக்கச் சிரித்தது. பரமேஸ்வரி அக்காவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "அது எங்கட காவல்காரன்ட தலை வண்ணக்கர். அதுக்கும் உரித்துப் பாப்பீங்களா?"

மேளம் தொடங்கியது. பொம்பிளை ஏணியை விட்டுவிட்டு, சீலையை இறக்கி, முகத்தை ஒருமுறை துடைத்து, ஒன்றும் நடக்காதது போல் தலை குனிந்து நின்றாள். அழைத்துப் போக வந்த பெண்கள் ஓடி வந்தார்கள். "இஞ்சயா புள்ள இருந்த?" என்றார்கள். அவர்களில் யாரோ வழியில் நின்ற ஏணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே தாலி கட்டி முடியும் வரை, வெறும் தலையோடு, ஒட்டு மீசை பாதி கழன்ற நிலையில், குவிமாடத்துக்குப் பின்னால் குந்தியிருந்தேன். தலை நீட்டினால் மறுபடி கணக்குப் பிழைக்கும் என்ற பயம். பொடியன்கள் கேள்விப்பட்ட வீரம் இதுதான்.

கொட்டிலுக்கு அரண்மனை திரும்பி வந்தபோது அண்ணன் வாசலில் நின்றார். கலசங்களை எண்ணினார். மூன்று பூட்டியிருந்தது, மூன்று பெட்டியில். ஒன்றைக் காணவில்லை. என்னைப் பார்த்தார். நான் 'ஐயா' வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"டேய் மடையா," என்றார். "சாப்பிட்டியாடா?"

அடுத்த கிழமையிலிருந்து ஒரு புது ஒழுங்கு வந்தது. முற்பணம் வாங்கும்போதே கேட்க வேண்டும்: எத்தனை முடி? ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று அரண்மனை பிரிந்து போனது. தலைப்பாகை உச்சி வெட்டி எறியப்பட்டது. அதற்குப் பிறகு என் கையில் ஒரு கலியாணமும் குழம்பவில்லை.

நான் பொடியன்களைச் சந்தித்த பிறந்தநாள், அந்தப் பொம்பிளையின் மகளுடையதுதான். அதே வளவு. எல்.ஈ.டி. திரையில் அரண்மனை நிமிடத்துக்கு ஒன்றாக மாறியது, குவிமாடம் எண்ணிலடங்காது. மாமா முன் வரிசையில் இருந்து குடையை நீட்டினார். நாலு எண்ணுவதற்குள் படம் மாறியது. மறுபடி தொடங்கினார். மறுபடி மாறியது. "இது நிண்டு குடுக்குதில்ல," என்று குடையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது. அது நீடிக்கவில்லை.

கை கழுவ வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே கோழிக்கூடு. அதன் உச்சியில் காணாமல் போன கலசம், மழையில் பொன் உரிந்து, முறுக்கு மட்டும் இறுக்கமாக. இப்போது வீட்டுக்காரியாகிவிட்ட அந்தப் பொம்பிளை தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "நீங்கதானே அண்ணா கையில தந்தது. எங்கட வீட்டுக்கு மூண்டுக்கு மேல வெக்க ஏலா. கோழிக்கு ஒருத்தரும் சட்டம் சொல்லல்ல."

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். மாமா வெற்றிலை துப்ப வந்திருந்தார். கூட்டைப் பார்த்தார். குடை மெதுவாக உயர்ந்தது.

"ஒண்டு," என்றார். கொஞ்சம் யோசித்தார். "கோழிக்கு ஒண்டு காணும்."

குடை இன்னும் இறங்கவில்லை. நான் கூட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், வெயிலுக்காக ஒரு தொப்பி போட்டிருந்தேன். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.